விறலிக்கு வழி சொல்லுதல்

சுற்றுலா நிறுவனங்கள் அச்சிடும் கையேடுகளையும் ஓர் இலக்கிய வகையாக வைத்துப் படிக்கலாம் என்பது என் எண்ணம். ஜப்பானின் பழைய ஊர்களையும் நாட்டுப்புறத்தையும் வழிகாட்டியோடு நடந்து பார்க்கும் பயணத்துக்கான கையேடு ஒன்று அண்மையில் என் கைக்கு வந்தது. திருப்பூர் ஏற்றுமதிக் குடும்பங்களை நம்பி அச்சிட்டது. இன்ன மலைப்பாதை, இன்ன ஊரில் இரவுத் தங்கல், விடுதியில் இன்ன உணவு, வெந்நீர்க் குளியல், எங்கே ஏற்றம், எங்கே வழுக்கும் என்று எல்லாம் இருக்கிறது. பெட்டிகள் வண்டியில் முன்னே போய்விடும். வழி தெரிந்தவர் கூடவே வருவார். படித்து முடித்தபோது, இதைத்தானே பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. இதற்குத் தமிழில் பெயர் ஆற்றுப்படை.

பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிரே பசியோடு வரும் கலைஞருக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி இந்த வகை. மலைபடுகடாம் 583 அடிகளில் நன்னனின் ஊருக்கு வழி சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைக்காவலர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், எந்தப் பாறை வழுக்கும், எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும் என்று அடுக்கிக்கொண்டே போகும். இவ்வளவு அக்கறையான வழிகாட்டி உலக இலக்கியத்தில் குறைவு என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வோம். சொல்லலாம்தான். ஆனால் அந்த வழி யாருக்குச் சொல்லப்படுகிறது என்றும் கேட்க வேண்டும்.

கேட்பவன் பாணன், பொருநன், கூத்தர் தலைவன். விறலி அதே வழியில்தான் நடந்து வருகிறாள். அவளைப் பற்றிப் பாட்டு என்ன சொல்கிறது? பாதங்களைச் சொல்கிறது. ஓடிக் களைத்த நாயின் நாக்கைப் போல அவள் பாதம் சிவந்து நொந்திருக்கிறதாம். பொருநராற்றுப்படையிலும் சிறுபாணாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் இதே உவமை வருகிறது. மூன்று புலவர்களுக்கும் அவளுடைய வலி அழகாகத் தெரிந்திருக்கிறது. மலையைப் பார்ப்பவன் அவன், பார்க்கப்படுபவள் அவள். நடக்கிற பெண்ணுக்குக் கால் கொடுத்த மரபு கண் கொடுக்க மறந்துவிட்டது.

விதிவிலக்கு உண்டு. விறலியையே முன்னிலைப்படுத்திப் பாடும் விறலியாற்றுப்படை என்ற துறை இருக்கிறது. அதில் புறநானூற்றின் 103ஆம் பாட்டு அவ்வையார் பாடியது. பாலை வழியில் ஒரு விறலி உட்கார்ந்திருக்கிறாள். அவள் தூக்கி வந்த காவின் ஒரு பக்கம் பதலை, மறுபக்கம் சிறுமுழா. அவள் சுமையை முன்னே கொண்டுபோக வண்டி இல்லை. கவிழ்ந்து கிடக்கும் தன் உண்கலத்தை நிமிர்த்துவார் யார் என்று கேட்கிறாள். அவ்வை பதில் சொல்கிறாள்: போவதானால் அஞ்சி தொலைவில் இல்லை, இப்போது பகைவர் நாட்டில் இருக்கிறான், அங்கே ஊர் எரிந்து புகை எழுந்துகொண்டிருக்கிறது, ஆனாலும் பஞ்ச காலத்திலும் உன் கலத்தை நிறைக்கத் தெரிந்தவன்.

ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு வழி சொல்வது இது. ஆபத்தை மறைக்கவில்லை. புகையைச் சொல்லிவிட்டுத்தான் சோற்றைச் சொல்கிறாள். போவதா வேண்டாமா என்பதை அவளிடமே விட்டுவிடுகிறாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. இதை வைத்து விறலியைச் சுதந்திரப் பறவையாக்கிவிடும் ஆசை நம் பெண்ணியக் கவிதைகளில் உண்டு. அந்த ஆசையைக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். அவளை நடக்க வைத்தது பசி. பசிக்கு நடப்பதும் விருப்பத்துக்கு நடப்பதும் ஒன்றாகாது.

விருப்பத்துக்கு நடக்கும் பெண்ணைத் தேடினால் சிலப்பதிகாரத்தில் ஒரு தலைப்பு ஏமாற்றும்: நாடுகாண் காதை. பெயரைக் கேட்டால் சுற்றுலா போலவே இருக்கிறது. காவிரிக் கரையோடு வயலும் சோலையும் பார்த்துக்கொண்டு மூன்று பேர் நடக்கிறார்கள். வழித்துணையாக வருபவர் கவுந்தியடிகள் என்ற சமணப் பெண்துறவி. நமக்குத் தெரிந்த முதல் பெண் வழிகாட்டி அவர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. கிழங்கு தோண்டிய குழிகளைப் பூ மூடியிருக்கும், வயலில் கால் வைத்தால் நண்டும் நத்தையும் நசுங்கும் என்று எச்சரித்தபடி கூட்டிப்போகிறார்.

இந்தக் காதையில் கண்ணகி எதைப் பார்த்தாள்? இளங்கோ சொல்வதில்லை. களைத்துப்போய் அவள் கேட்பது ஒரே கேள்வி: மதுரை எங்கே இருக்கிறது? கோவலன் சிரித்தபடி முப்பது காதத்தைப் பக்கத்தில் என்று சொல்கிறான். தொலைவில் இல்லை என்று அவ்வையும்தான் சொன்னாள். அவ்வை புகையையும் சேர்த்துச் சொன்னாள். கோவலன் தூரத்தைச் சிரிப்பில் கரைத்துவிட்டான். பெண்ணுக்கு வழி சொல்வதில் இப்படி இரண்டு வகை இருக்கிறது. அன்பு இரண்டிலும் இருக்கலாம். அவளை அறிவுள்ளவளாக நினைப்பது ஒன்றில்தான்.

அதே காதையில் வழியில் போகும் ஒருத்தனும் ஒருத்தியும் இவர்களைப் பார்த்து, யார் இந்த இருவர் என்று கேட்கிறார்கள். என் மக்கள் என்கிறார் கவுந்தி. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ என்று அவர்கள் ஏளனம் செய்கிறார்கள். கண்ணகி காதைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறாள். கவுந்தி அவர்களை ஓராண்டு நரியாகத் திரியும்படி சபிக்கிறார். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் எந்த மாணவிக்கும் இந்த இடத்துக்கு உரை தேவைப்படுவதில்லை. கணவனும் துறவியும் கூட இருந்தும் தெருவின் வாய் அவளை விடவில்லை. சாபம் கொடுக்கும் துணை எல்லோருக்கும் வாய்ப்பதும் இல்லை.

கண்ணகி துணையில்லாமல் நடப்பது எல்லாம் முடிந்த பிறகு. மதுரைக்குள் கணவனோடு கிழக்கு வாயிலில் நுழைந்தவள் மேற்கு வாயிலில் தனியாக வெளியேறுகிறாள். பகலா இரவா என்று பாராமல் வைகைக் கரையோடு நடந்து மலை ஏறி வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். அந்த நடையின் முடிவில் அவள் மனுஷியாக இல்லை, தெய்வமாகிவிட்டாள். தனியாக நடந்த பெண்ணை மனுஷியாகவே வைத்துக்கொள்ள நம் காப்பியத்துக்கு வழி தெரியவில்லை.

இனி அந்த ஜப்பான் கையேட்டுக்குப் போகலாம். அதன் முதல் நாள் நடை கிசோ பள்ளத்தாக்கில், மகோமே ஊரிலிருந்து த்ஸுமாகோ ஊருக்கு, எட்டு கிலோமீட்டர் அளவு. எதோ என்ற இன்றைய டோக்கியோவையும் கியோட்டோவையும் மலை வழியே இணைத்த நகசெண்டோ பெருவழியின் ஒரு துண்டு அது. பெருவழியில் 69 தங்கல் ஊர்கள் இருந்தன. த்ஸுமாகோ மக்கள் 1971இல் தங்கள் வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று கூடி முடிவெடுத்தவர்கள். நம் ஊர்களில் திண்ணை வைத்த வீடுகள் போகும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவின் அருமை தெரியும்.

கையேட்டில் ஒரு வரியாக, பழைய சோதனைச் சாவடி என்று ஓர் இடம் வருகிறது. அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். தோகுகாவா ஆட்சியில் இந்தச் சாவடிகள் முக்கியமாகத் தேடியவை இரண்டு: தலைநகருக்குள் வரும் துப்பாக்கி, தலைநகரிலிருந்து வெளியேறும் பெண். சிற்றரசர்களின் மனைவியர் தலைநகரில் பிணையாக வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் தப்பினால் கலகம் வரும் என்ற பயம். அதனால் வழி நடக்கும் பெண்ணுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அதில் அவள் கூந்தல் முடிப்பும் உடல் அடையாளங்களும் எழுதப்பட்டிருக்கும். சோதித்துப் பார்ப்பதற்கும் பெண்களையே வைத்திருந்தார்கள். இன்று சீருடை வழிகாட்டி புன்னகையோடு கூட்டிப்போகும் பாதையில் ஒரு காலத்தில் பெண்ணும் துப்பாக்கியும் ஒரே பட்டியலில் இருந்தன.

கையேட்டில் தகயாமா நகரமும் இருக்கிறது. அது ஹிதா மலைப்பகுதியின் நகரம். மெய்ஜி காலத்தில் அந்தப் பகுதியின் ஏழை வீட்டுச் சிறுமிகள் நோமுகி கணவாயைக் கடந்து ஒகாயாவின் பட்டு நூற்பாலைகளுக்கு நடந்து போனார்கள். 1,672 மீட்டர் உயரத்துக் கணவாய். ஆண்டு முடிந்து பனியில் நடந்து வீடு திரும்புவார்கள். அவர்களில் உயிரோடு இருந்தவர்களைத் தேடிக் கேட்டு யமமோட்டோ ஷிகெமி 1968இல் ஒரு நூல் எழுதினார். 1979இல் அது திரைப்படமானது. 1909இல் ஆலையில் நோயுற்ற மசாய் மினே என்ற பெண்ணை அவள் அண்ணன் முதுகில் சுமந்து வந்தான். கணவாயின் உச்சியில், சொந்த மண் கண்ணில் பட்ட இடத்தில், அவள் உயிர் போனது. அண்ணன் தங்கையைச் சுமக்கும் சிலை அங்கே இருக்கிறது. என் கையேட்டில் அந்தக் கணவாய் இல்லை.

இதை வெள்ளகோவிலில் உட்கார்ந்து படிக்கும்போது வேறு நாட்டுக் கதையாகப் படிக்க முடிவதில்லை. எங்கள் ஊரின் விடியற்காலை, பனியன் கம்பெனி வேன்களின் ஓசையோடு தொடங்குகிறது. வேன் வீட்டு வாசலிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் வாசலிலேயே இறக்கிவிடும். பாதுகாப்பு என்று சொல்வார்கள், பாதுகாப்பும்தான். ஆனால் அந்தப் பெண் பத்து வருடம் வேலைக்குப் போனாலும் நடுவில் இருக்கும் ஊர்களில் ஒன்றில்கூடக் கால் வைத்திருக்க மாட்டாள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்றாண்டு மில் விடுதியில் இருந்தவர்களுக்கு அந்த ஜன்னல்கூட இல்லை. விடுதிக் கதவைத் தாண்டிப் போகவே அனுமதி வேண்டும் என்பதை 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையும் எழுதியது. நோமுகிச் சிறுமிக்குக் கணவாயாவது இருந்தது என்று நினைக்கும் அளவுக்கு அது கொடுமை.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வழிகாட்டியோடு நடக்கும் விடுமுறை ஒன்று உண்டு: பழனி பாதயாத்திரை. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் தாராபுரம் வழியாகக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். குருசாமி முன்னே நடப்பார். மூட்டைகள் டெம்போவில் முன்னே போகும். வழியெல்லாம் மோர்ப் பந்தல், அன்னதானம், கால் தேய்க்கத் தைலம். அந்தக் கையேடு விற்பது எல்லாம் இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. தறிக்குடோனில் வேலை செய்யும் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "பழனிக்குன்னா ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க கண்ணு. எங்கம்மா ஊட்டுக்குப் போறதுக்கே ஆயிரம் கேள்வி."

பக்தியைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. அந்த மூன்று நாளில் அவர் சிரித்த சிரிப்பை அவரே விவரித்தார். கரும்புக்காடு, காற்றாலை, யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் தூக்கம், சமைக்காமல் கிடைத்த சோறு. ஆனால் வேண்டுதல்தான் அவருடைய அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டிலும் உடல் எழுதப்பட்டிருக்கிறது: இளம் பெண்கள் தேதி பார்த்து, தள்ளிப்போட மாத்திரை விழுங்கித்தான் மாலை போடுகிறார்கள். ஒதுங்க இடமில்லாத சாலையில் தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள். கூட வரும் ஆண்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை.

வழிகாட்டியோடு நடப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. தெரியாத ஊரில் எல்லோருக்கும் வழி சொல்ல ஆள் வேண்டும். வழிகாட்டுவதும் காவல் காப்பதும் எங்கே பிரிகின்றன என்பதுதான் கேள்வி. பசி, திருமணம், வேலை, வேண்டுதல் என்று எந்தக் காரணமும் காட்டாமல், தாராபுரம் சாலையில் ஒரு பெண் சாயங்காலம் சும்மா நடந்து வரலாமா? ஜப்பான் பயணத்துக்குப் பணம் கட்டும் பெண் வாங்குவதில் பெரும் பங்கு இந்தச் சும்மாதான். அதை விலை கொடுத்து, கடல் கடந்து வாங்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு புறநானூறு நடத்தியபோது, கல்லூரிக்குப் புதிதாக வரப்போகும் தங்கைக்கு ஓர் ஆற்றுப்படை எழுதி வாருங்கள் என்று மாணவிகளிடம் சொன்னேன். அடுத்த வாரம் வந்தவை அழகான கவிதைகள் என்று சொல்ல மாட்டேன். எந்தக் கடை முன்னால் தலை குனியாமல் வேகமாகப் போக வேண்டும், எந்த பங்க்கில் கழிப்பறை பூட்டாமல் இருக்கும், எந்த நடத்துநர் நல்லவர், மழைநாளில் எந்த வீட்டுப் பாட்டி உள்ளே கூப்பிடுவார், எந்த வேப்பமரத்தடியில் ஐந்து நிமிடம் யாரும் பார்க்காமல் உட்காரலாம் என்று எழுதியிருந்தார்கள். கவண்கல் விழும் இடமும் சோறு கிடைக்கும் குடியும் அதில் இருந்தன. புகையை மறைக்காத அவ்வையின் குரல் அது. யாரோடு வருகிறாய் என்று அவற்றில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.