அழிவில்லாச் சோதனையின் நம்பகத்தன்மை: ஒரு திறனாய்வு

அழிவில்லாச் சோதனை என்பது ஒரு பொருளை வெட்டாமல், உடைக்காமல், அதன் பயன்பாட்டுக்குக் குந்தகம் நேராமல் அதிலுள்ள குறைகளைக் கண்டறியும் முறைகளின் தொகுப்பு ஆகும். விமான எந்திரம், கொதிகலன், எண்ணெய்க் குழாய், பாலம், தண்டவாளம் எனப் பல இடங்களில் மனித உயிர்கள் இச்சோதனைகளை நம்பியிருக்கின்றன. ஒரு முறையின் திறனை விளக்கும்போது, அது எவ்வளவு சிறிய விரிசலைக் காட்டும் என்பதையே கருவி விற்பனைக் குறிப்புகளும் அறிமுக நூல்கள் பலவும் முதன்மைப்படுத்துகின்றன. இந்த அளவுகோல் போதாது என்பதைக் கடந்த அரை நூற்றாண்டின் விபத்துகள் காட்டியுள்ளன. பாதுகாப்பைத் தீர்மானிப்பது கண்டுபிடிக்கப்பட்ட மிகச் சிறிய விரிசல் அன்று. கண்ணில் படாமல் தப்பக்கூடிய மிகப் பெரிய விரிசலே.

முறைகளும் எல்லைகளும்

பரவலாகப் பயன்படும் ஒவ்வொரு முறைக்கும் அதன் இயற்பியலிலிருந்தே ஓர் எல்லை எழுகிறது.

ஊடுருவு நீர்மச் சோதனையில் ஒளிரும் சாயம் கலந்த நீர்மம் பொருளின் மேல் பூசப்படுகிறது. அது விரிசலுக்குள் ஊறிய பின் மேற்பரப்பு கழுவப்பட்டு, வெண்பொடி தூவப்பட்டு, இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழ்ப் பார்க்கப்படுகிறது. விரிசலுக்குள் எண்ணெயோ அழுக்கோ அடைத்திருந்தால் நீர்மம் உள்ளே செல்லாது. அளவுக்கு மிஞ்சிக் கழுவினால் உள்ளே சென்ற நீர்மமும் வெளியேறிவிடும். மேற்பரப்பில் திறக்காத குறையை இம்முறை காட்டவே காட்டாது.

மீயொலிச் சோதனையில் ஒலியலை குறையில் பட்டு எதிரொலிக்கிறது. எஃகில் 5 மெகாஹெர்ட்சு நெடுக்கலையின் அலைநீளம் ஏறத்தாழ 1.2 மி.மீ. அதில் பாதி அளவுள்ள குறை வரை கண்டறியலாம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் கருவியைச் சரிபார்க்கும் மாதிரிக் கட்டையில் துளைக்கப்பட்ட தட்டை அடித் துளை, கண்ணாடியைப் போல அலையை நேரே திருப்பி அனுப்பும். உண்மையான விரிசல் கரடுமுரடாகவும் சாய்வாகவும் இருக்கும். அழுத்தத் தகைவில் அதன் இரு முகங்களும் ஒட்டிக்கொண்டால் ஒலி அதை ஊடுருவிச் சென்றுவிடும்.

எக்ஸ் கதிர்ப் படத்தில், கதிரின் திசைக்கு ஏறத்தாழ இணையாக இருக்கும் விரிசல்தான் தெளிவாகப் பதியும். காந்தத் துகள் முறை இரும்பு போன்ற காந்தப் பொருட்களுக்கே பயன்படும். சுழல் மின்னோட்ட முறை, மின்சாரம் கடத்தும் பொருளின் மேற்பரப்பையும் அதை ஒட்டிய சிறு ஆழத்தையும் மட்டுமே ஆராயும்.

இவ்வெல்லைகள் பாடநூல்களில் உள்ளவைதாம். பாடநூல்கள் குறைவாகப் பேசும் எல்லை வேறொன்று. சோதிப்பவரின் கண், கை, எதிர்பார்ப்பு, சோதனை நடக்கும் இடத்தின் ஒழுங்கு ஆகியவையும் கருவியின் உறுப்புகளே.

சூ சிட்டி விபத்து

1989 சூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ நோக்கிப் பறந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் 232ஆம் எண் டிசி-10 விமானத்தின் வால் பகுதி எந்திரத்தில், முன் விசிறியைத் தாங்கும் டைட்டானிய வட்டு பறப்பிலேயே உடைந்தது. சிதறிய துண்டுகள் மூன்று நீரியல் அமைப்புகளையும் செயலிழக்கச் செய்தன. அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் தரையிறங்க முயன்றபோது விமானம் நொறுங்கியது. அதிலிருந்த 296 பேரில் 112 பேர் உயிரிழந்தனர். வட்டின் பெரும்பகுதி மூன்று மாதங்களுக்குப் பின் ஒரு சோள வயலில் கிடைத்தது.

1971இல் உருக்கப்பட்ட டைட்டானியத்தில் நைட்ரசன் செறிந்த ஒரு கடினப் புள்ளி இருந்ததும், அதிலிருந்து களைப்பு விரிசல் வளர்ந்ததும் ஆய்வில் தெரியவந்தன. தயாரிப்பின்போது நடந்த மீயொலிச் சோதனையும் ஊடுருவு நீர்மச் சோதனையும் அந்த வட்டைக் குறையற்றது என்றே அனுப்பின. பயன்பாட்டில் இருந்த காலத்திலும் அது ஆறு முறை நீர்மச் சோதனைக்கு உட்பட்டது. கடைசிச் சோதனை நடந்தது 1988 பிப்ரவரியில், விபத்துக்கு 760 பறப்புச் சுற்றுகளுக்கு முன். அப்போதே மேற்பரப்பில் விரிசலின் நீளம் ஏறக்குறைய அரை அங்குலம், அதாவது 12 மி.மீ. இருந்திருக்க வேண்டும் என உடைந்த முகத்தின் நிறமாற்றத்தைக் கொண்டு கணிக்கப்பட்டது. இம்முறை காட்டக்கூடிய அளவை விட அது பன்மடங்கு பெரியது.

பின் எப்படித் தப்பியது? சோதனையின்போது வட்டு அதன் நடுத்துளை வழியே சென்ற கம்பி வடத்தில் தொங்கவிடப்பட்டிருந்தது. வடம் உராயாமல் இருக்க அதன் மேல் நெகிழிக் குழாய் மாட்டப்பட்டிருந்தது. வட்டைச் சுழற்றிப் பார்க்காவிட்டால், குழாய் மறைக்கும் பகுதியில் நீர்மமும் வெண்பொடியும் சரியாகப் படாது, கண்ணும் எட்டாது. விரிசல் இருந்ததும் நடுத்துளையின் பரப்பில்தான். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1990இல் வெளியிட்ட அறிக்கை, சோதனை முறைகளில் மனிதக் காரணிகளின் வரம்புகளுக்குப் போதிய கவனம் அளிக்கப்படாததை விபத்தின் காரணமாகக் குறிப்பிட்டது. குற்றம் நீர்மத்தின் நுண்மையில் இல்லை. தொங்கவிட்ட விதத்திலும் பார்த்த விதத்திலும் இருந்தது.

கண்டறி நிகழ்தகவும் 90/95 அளவும்

இச்சிக்கலை எண்ணால் அணுகும் முயற்சியே கண்டறி நிகழ்தகவு ஆகும். 1969 டிசம்பரில் எப்-111 போர் விமானம் ஒன்றின் இறக்கை, எஃகு இணைப்புப் பகுதியில் இருந்த தயாரிப்புக் குறையால் பறப்பில் கழன்றது. பல சோதனைகளைக் கடந்து வந்த பாகம் அது. இதன் பின் அமெரிக்க விமானப்படை, ஒவ்வொரு முக்கியப் பாகத்திலும் சோதனைக்குத் தப்பிய விரிசல் ஒன்று இருக்கிறது என்றே கொண்டு வடிவமைக்கும் சேதத் தாங்குதிறன் கோட்பாட்டை ஏற்றது. எவ்வளவு பெரிய விரிசல் தப்பக்கூடும் என்ற கேள்வி அப்போதுதான் வடிவமைப்பாளரின் கேள்வியாக மாறியது. 1970களில் விரிசலுள்ள பாகங்களைப் பல தளங்களுக்கு எடுத்துச் சென்று பணியாளர்களைக் கொண்டு சோதித்தபோது, கிடைத்த திறன் கருதப்பட்டதை விட வெகுவாகக் குறைந்திருந்தது. ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடும் காணப்பட்டது.

இன்று வழக்கிலுள்ள அளவு 90/95 எனப்படுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு முறையாவது கண்டறியப்படும் என்று 95 விழுக்காடு உறுதியுடன் சொல்லக்கூடிய விரிசல் அளவு இது. இதை நிறுவ எளிய வழி, அந்த அளவுள்ள 29 விரிசல்களில் 29ஐயும் கண்டுபிடிப்பது. ஒன்று தவறினால் 46இல் 45ஐக் கண்டுபிடிக்க வேண்டும்.

மிகச் சிறிய விரிசலைப் பெருமையாகக் காட்டுவதை விட இது நேர்மையான அளவு. ஆயினும் இதன் மீதும் மூன்று விமரிசனங்கள் உண்டு.

முதலாவது, தொண்ணூறு விழுக்காடு என்பது பத்தில் ஒன்று தப்பலாம் என்பதே. சான்றிதழில் ஏறிய பின் இந்தப் பாதி மறக்கப்பட்டு, அந்த அளவுக்கு மேற்பட்ட விரிசல் எதுவும் தப்பாது என்ற பொருளில் எண் புழங்கத் தொடங்குகிறது.

இரண்டாவது, தேர்வு நடக்கும் சூழல். மாதிரித் துண்டுகளில் விரிசல் இருக்கும் என்பது தேர்வில் அமர்பவருக்குத் தெரியும். பணிமனையில் பார்க்கும் ஆயிரம் பாகங்களில் ஒன்றில்கூட விரிசல் இல்லாமல் போகலாம். தேடும் கண் வேறு, பழகிய கண் வேறு.

மூன்றாவது, மறுசோதனை பற்றிய நம்பிக்கை. ஒரு சோதனையில் பத்தில் ஒன்று தப்பினால் இரண்டு சோதனைகளில் நூறில் ஒன்றுதான் தப்பும் என்று கணக்கிடுவது வழக்கம். இரு சோதனைகளும் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான் இக்கணக்கு செல்லும். ஒரே கூடத்தில், ஒரே விதமாகத் தொங்கவிட்டு, ஒரே வழக்கத்தில் பார்க்கும்போது இரண்டாவது சோதனை முதலாவதன் நகலே. சூ சிட்டி வட்டின் தொடக்கச் சோதனைகளில் விரிசல் சிறிதாக இருந்திருக்கும் என்பது உண்மை. எனினும், மறைவிடம் ஒன்றாகவே இருக்கும் வரை சோதனைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் பயனில்லை.

பொய் எச்சரிக்கையின் விலை

கண்டறி நிகழ்தகவைப் பற்றிப் பேசுமளவுக்குப் பொய் எச்சரிக்கையைப் பற்றிப் பேசப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, 10,000 பாகங்களில் 10இல் மட்டுமே விரிசல் இருப்பதாகக் கொள்வோம். சோதனை 90 விழுக்காடு விரிசலைக் கண்டறிகிறது. நல்ல பாகங்களில் நூற்றுக்கு ஒன்றைத் தவறாகக் குறைசொல்கிறது. விடை, 9 விரிசல்கள் பிடிபடும், 1 தப்பும், ஏறத்தாழ 100 நல்ல பாகங்கள் ஒதுக்கப்படும். ஆக, ஒவ்வொரு எச்சரிக்கையும் பொய்யாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

விலையுயர்ந்த நல்ல பாகங்களை ஒதுக்கினார் என்ற பெயர் எடுத்த பணியாளர், அடுத்த மங்கலான குறியைக் கறை என்றோ கீறல் என்றோ எண்ணிக் கடந்துபோவார். இதை அவரது அலட்சியமாக மட்டும் காண்பது பிழை. அப்படி முடிவெடுக்க அவரைப் பழக்குவது அந்த எண்களே.

புதிய கருவியும் பழைய பிழையும்

புதிய கருவி வந்தால் சிக்கல் தீரும் என்ற எண்ணம் வலுவானது. 2018 பிப்ரவரி 13 அன்று சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலுலு சென்ற யுனைடெட் 1175ஆம் எண் போயிங் 777இன் விசிறித் தகடு ஒன்று உடைந்தது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. அந்தத் தகடு 2010இலும் 2015இலும் வெப்ப ஒலிப் படமுறையில் சோதிக்கப்பட்டிருந்தது. தகட்டை அதிர வைத்து, விரிசலின் முகங்கள் உராய்வதால் எழும் வெப்பத்தை அகச்சிவப்புப் படக்கருவியால் காணும் நவீன முறை இது. கருவி தன் வேலையைச் செய்தது. படத்தில் குறி தெரிந்தது. 2015இல் அது வண்ணப்பூச்சின் குறையாகக் கருதப்பட்டு, தகடு மீண்டும் எந்திரத்தில் பொருத்தப்பட்டது. இம்முறை புதிதாக வளரும் தொழில்நுட்பம் என வகைப்படுத்தப்பட்டிருந்ததால், சோதிப்போருக்கு முறையான பயிற்சித் திட்டம் வகுக்கப்படாமலே இருந்ததைப் புலனாய்வு சுட்டிக்காட்டியது.

சூ சிட்டியில் குறை கண்ணுக்கு மறைந்திருந்தது. இங்கே குறை திரையில் தெரிந்தும் பொருள் கொள்ளப்படவில்லை.

மதிப்பீடு

அழிவில்லாச் சோதனை நாள்தோறும் எண்ணற்ற குறைகளைக் கண்டறிந்து விபத்துகளைத் தடுக்கிறது. நடக்காத விபத்து செய்தியாவதில்லை என்பதால் தோல்விகளை மட்டும் கொண்டு அதை எடைபோடுவது நியாயமாகாது. சூ சிட்டிக்குப் பின் டைட்டானிய உருக்கு முறையும் சோதனை முறைகளும் மேம்பட்டன. எந்திர வட்டுகளையும் சேதத் தாங்குதிறன் கோட்பாட்டில் மதிப்பிடும் வழிகாட்டுதலை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2001இல் வெளியிட்டது.

எஞ்சி நிற்பது, சோதனை அறிக்கையின் மொழி. குறை காணப்படவில்லை என்பதும் குறை இல்லை என்பதும் ஒன்றல்ல. முன்னது சோதனையைப் பற்றிய கூற்று, பின்னது பொருளைப் பற்றிய கூற்று. எந்தப் பரப்பு பார்க்கப்பட்டது, எது எட்டவில்லை, எந்த அளவு வரை விரிசல் தப்பியிருக்கலாம், அப்படித் தப்பியிருந்தால் அடுத்த சோதனைக்குள் அது எவ்வளவு வளரும் ஆகிய நான்கையும் சொல்லாத அறிக்கை, முன்னதைக் கண்டு பின்னதாக எண்ண இடம் தருகிறது. 1988இல் அந்த வட்டு குறையற்றதெனத் தேர்ச்சி பெற்றது. நடுத்துளையில் குழாய் மறைத்த பகுதி பார்க்கப்படவில்லை என்ற ஒரு வரி அந்தப் பதிவில் இருந்திருந்தால், அதை மீண்டும் ஒரு முறை சுழற்றிப் பார்க்க யாருக்கேனும் தோன்றியிருக்கக்கூடும்.