நெருப்பும் பொறுப்பும்: அக்னிச் சிறகுகள் – ஒரு மறுவாசிப்பு

பஞ்சபூதத் தலங்களுள் நெருப்புக்கு உரியதாகச் சொல்லப்படும் ஊர் திருவண்ணாமலை. கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் ஏற்றப்படும் சுடரைக் காண லட்சக்கணக்கானோர் திரளும் இவ்வூரில், நாமும் கடை வைத்தும் தொழில் செய்தும் அண்டை அயலாரோடு கலந்து வாழ்ந்து வருகிறோம். இங்குள்ள பள்ளிகளிலும் தனிப்பயிற்சி நிலையங்களிலும் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களின் படத்தைக் காணலாம். படத்தின் கீழ், கனவு காணச் சொல்லும் வாசகம் ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். படம் பரவிய அளவுக்கு அவருடைய நூல் வாசிக்கப்படுகிறதா என்னும் ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. அந்த ஐயமே 'அக்னிச் சிறகுகள்' நூலை மீண்டும் நம் கையில் எடுக்க வைத்தது.

அருண் திவாரியுடன் இணைந்து கலாம் ஆங்கிலத்தில் எழுதிய இத்தன்வரலாறு 1999இல் வெளிவந்தது, பின்னர் மு. சிவலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது. செய்தித்தாள் விநியோகித்த சிறுவன் குடியரசுத் தலைவரான கதை என்றே பலர் இதனை நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால் அவர் அப்பதவியை ஏற்றது நூல் வெளிவந்து மூன்றாண்டுகள் கழித்து, 2002இல்தான். நூலுக்குள் இருப்பவர் ஒரு பொறியாளர். அவர் கற்றுக்கொள்வதும் தோற்பதும் பொறுப்பேற்பதுமே நூலின் உட்பொருள்.

இராமேசுவரப் பகுதியில் வரும் வகுப்பறை நிகழ்ச்சி, கோயில் நகரவாசிகளாகிய நமக்குத் தனிப்பொருள் தருவது. தொப்பி அணிந்த கலாமும், பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரியும் முதல் வரிசையில் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். புதிதாக வந்த ஆசிரியர் கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்புகிறார். நண்பன் அழுகிறான். செய்தி அறிந்த நண்பனின் தந்தை, கோயிலின் தலைமைக் குருக்களான பட்சி லட்சுமண சாஸ்திரி, ஆசிரியரை அழைத்துக் கண்டிக்கிறார். மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையேல் தீவை விட்டே போய்விட வேண்டும் என்கிறார். நல்லிணக்கத்துக்குச் சான்றாக மேடைகளில் இந்நிகழ்ச்சி அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. எனினும் நாம் கவனிக்க வேண்டியது வேறு. நல்லிணக்கம் அங்கே தானாக நிலைத்திருக்கவில்லை. அது உடையவிருந்த நேரத்தில், அதைக் காக்க வேண்டிய கடமை தமக்கு உண்டென்று செல்வாக்குள்ள ஒருவர் உணர்ந்தார், உடனே செயல்பட்டார்.

அவருடைய பணிவாழ்வும் திறந்த கதவுகளின் வரலாறு அன்று. சென்னை தொழில்நுட்பக் கல்லூரியில் சேரப் பணமில்லாதபோது சகோதரி ஜொஹரா தம் நகைகளை அடகு வைத்தார். விமானியாகும் விருப்பத்துடன் டேராடூன் சென்ற கலாம், எட்டுப் பேருக்கு இடமிருந்த தேர்வில் ஒன்பதாமவராக நின்றார். அவர் உருவாக்கிய 'நந்தி' என்னும் மிதவை ஊர்தி, பறந்து காட்டிய பின்னும் கைவிடப்பட்டது. ஆயினும் அந்த ஊர்தியே அவரை விண்வெளி ஆய்வுக் குழுவினரின் கண்ணில் பட வைத்து, தும்பாவுக்கு வழிகாட்டியது.

நூலின் உச்சம் 1980ஆம் ஆண்டின் வெற்றி அன்று. 1979 ஆகஸ்ட் 10ஆம் நாளின் தோல்வியே எனலாம். அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி, சில நிமிடங்களில் வங்கக்கடலில் வீழ்ந்தது. ஏவுவதற்கு எட்டு நிமிடங்கள் முன்னர் இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பின் வால்வு ஒன்று மாசு அடைத்து மூடாமல் நின்றதும், அதன் வழியே நைட்ரிக் அமிலம் கசிந்து போனதும் பின்னர் தெரியவந்தன. ஆய்வுக் கூட்டத்தில் நண்பர்கள் தொழில்நுட்பக் காரணங்களை விளக்கிக்கொண்டிருக்க, கலாம் எழுந்து நின்றார். கசிவு தெரிந்தும் அதனைப் பொருட்படுத்தாது விட்டது தம் தவறு, ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டியவர் தாமே என்று அறிவித்தார்.

இதே நாளைப் பற்றிப் பிற்காலக் கூட்டங்களில் கலாம் வேறொரு செய்தியையும் சொல்லி வந்தார். அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்துத் தோல்வியைத் தம் தோளில் ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலை 18இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது, செய்தியாளர்களைச் சந்திக்கும்படி கலாமையே அவர் அனுப்பினார். இரண்டையும் சேர்த்து வாசித்தால், பழியை மற்றவர் மேல் தள்ளாது, தமதே எனப் போட்டியிட்ட இருவரைக் காண்கிறோம். நம் மரபில் இதற்கு அமானிதம் என்று பெயர். ஒப்படைக்கப்பட்ட ஒன்றுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்னும் உணர்வே அது.

நூலின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பிற்பகுதியில் திட்டங்களும் பெயர்களும் தேதிகளும் நிரம்பி, தன்வரலாறு அலுவலக அறிக்கையாக மாறுகிறது. இராமேசுவரத்து மனிதர்கள் உயிரோடு நடமாடுவது போல ஐதராபாத் ஆய்வகத்தின் மனிதர்கள் நடமாடுவதில்லை. 1983இல் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தின் பயனாக 1989 மே 22இல் 'அக்னி' பாய்கிறது. அணு ஆயுதம் சுமக்க வல்ல ஒரு கருவியை ஆக்குவதன் அறம் பற்றி, இறையச்சம் மிக்க இந்த ஆசிரியர் நின்று நிதானித்துப் பேசியிருக்கலாம். நாட்டின் தற்சார்பு என்னும் விடையோடு நூல் அமைதி கொள்கிறது. 1998 பொக்ரான் சோதனைக்கு முன்பே கதையும் நின்றுவிடுகிறது.

ஆனால் விடுபட்ட கேள்வி அவரை விடவில்லை என்றே தோன்றுகிறது. 2002இல் வந்த அவருடைய மற்றொரு நூல் ஒரு கனவோடு தொடங்குகிறது. நிலவொளி வீசும் பாலைவனத்தில் காந்தியடிகள், ஐன்ஸ்டீன், அசோகர், ஆபிரகாம் லிங்கன், கலீஃபா உமர் (ரலி) ஆகிய ஐவர் கூடி நிற்கின்றனர். போரும் வெற்றியும் மனிதனுக்கு என்ன தந்தன என்பதே அவர்களின் கவலை. தன்வரலாற்றில் கேளாத கேள்வி, கனவாக வந்து நின்றது போலும்.

2015 ஜூலை 27இல் ஷில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றிக்கொண்டிருந்தபோதே கலாம் காலமானார். அதன்பின் அவரைப் போற்றுவது எளிதாகிவிட்டது. நம் சமுதாயமும், 'எங்களில் ஒருவர்' என அவரைக் காட்டிப் பெருமை கொள்கிறது. பெருமையில் தவறில்லை. ஆனால் நகையை அடகு வைத்த அந்தச் சகோதரியின் இடத்தில் இன்று நாம் நிற்கிறோமா? நம் தெருவில் கட்டணம் கட்ட இயலாத மாணவனுக்காக, மாணவிக்காக எதை இழக்க முன்வந்தோம்? நம் பிள்ளைகளுக்கு 1980ஆம் ஆண்டின் வெற்றியைச் சொல்கிறோம். 1979இல் எழுந்து நின்ற அந்த மனிதரையும் சொல்கிறோமா?

கனவு காண்பது இளையோர் கடமை என்றால், அக்கனவைக் காப்பது மூத்தோரின் அமானிதம். சுவரிலுள்ள படத்தை வணங்குவதற்கு அன்று, நூலை விரித்து வாசிப்பதற்கே கலாம் நமக்கு வேண்டும்.