பத்துக்குப் பத்து போட்டாச்சு, அப்புறம்?

உப்பளத் தொழிலில் தண்ணியின் அடர்த்தியை டிகிரியில் சொல்வார்கள். ஏறக்குறைய 25-ஐத் தொட்டால்தான் உப்பு படியும். மரக்காணத்தில் அளந்தாலும் தூத்துக்குடியில் அளந்தாலும் 25 என்றால் 25தான். சினிமாவுக்கு நாம் போடும் மார்க் அப்படி இல்லை.

2021 நவம்பரில் ‘ஜெய் பீம்’ ஐஎம்டிபியில் 9.6 வாங்கி, ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷ’னின் 9.3-ஐத் தாண்டியது. நம்மாட்கள் கொண்டாடினார்கள். சரி, அந்த 9.6 எதை அளந்தது? படத்தையா? மரக்காணம் இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்திலும் வாழ்கிற இருளர்கள் மீது நமக்குத் திடீரென்று வந்த அக்கறையையா? காலண்டர் காட்சியை வைத்து எழுந்த சாதிச் சண்டையில் நாம் நின்ற பக்கத்தையா? மூன்றும் ஒரே நம்பருக்குள் கரைந்துவிட்டன. செங்கேணியின் கதையை ஏன் வக்கீல் சந்துருவின் வெற்றியாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற கேள்விக்கு அந்த நம்பரில் இடமே இல்லை.

2011-ல் நியூசிலாந்தில் தொடங்கிய லெட்டர்பாக்ஸ்டும் ஒன்றும் புனிதமில்லை. அங்கேயும் அரை முதல் ஐந்து வரை நட்சத்திரம் உண்டு. லைக்குக்காக எழுதும் ஒற்றை வரி ஜோக்கும் உண்டு. ஆனால் அதன் மையம் டைரி. எந்தத் தேதியில் பார்த்தோம், மறுபடி பார்த்தோமா, என்ன தோன்றியது என்பதை நட்சத்திரம் போடாமலேயே பதியலாம்.

என் தேர்வு இதுதான்: யார் கேமரா, யார் எடிட்டிங் என்று தேட ஐஎம்டிபி. பார்த்ததை எழுத லெட்டர்பாக்ஸ்ட், நட்சத்திரம் இல்லாமல். ‘ஜெய் பீம்’ மறுபடி பார்த்தா நாலு வரி எழுதிப் பாருங்க. அன்னிக்கு வந்த அக்கறை இன்னும் மிச்சம் இருக்கானு உங்களுக்கே தெரிஞ்சிடும்.