கூலியில்லாத வியர்வை

தமிழ் நாவல்களில் வருகிறவர்களுக்கு உடம்பு என்று ஒன்று உண்டா என்று ஒரு வாசகர் எனக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். கேள்வி முதலில் விசித்திரமாகத்தான் பட்டது. யோசித்துப் பார்த்ததில் அவ்வளவு விசித்திரமாகத் தோன்றவில்லை. நம் கதாபாத்திரங்களுக்குக் காய்ச்சல் வருகிறது, காசநோய் வருகிறது, கண்ணீர் தாராளமாகவே வருகிறது. ஆனால் வியர்வை? உழுகிறவனுக்கும் கல் உடைக்கிறவனுக்கும் ஆசிரியர் மறக்காமல் நெற்றியில் நாலு துளி வைத்து விடுகிறார். பெரும்பாலும் அது அவன் ஏழை என்று தெரிவிப்பதற்காக வைத்த பொட்டுதான். அந்த வியர்வை எந்த மேட்டில் புறப்பட்டது, எந்த இடத்தில் மூச்சு முட்டியது, முட்டிய பிறகு மனசு காலிடம் என்ன சொல்லிற்று என்பதை எழுதியவர்கள் குறைவு.

கேட்டவர் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியர். நாற்பதை நெருங்குகிற வயது. டிரையத்லான் என்கிற பந்தயத்துக்காக உடம்பைப் பழக்கிக்கொள்ளுகிறவர். நீந்தி, கரையேறிய ஈரத்தோடு ஸைக்கிள் மிதித்து, இறங்கியதும் ஓட வேண்டும். மூன்றுக்கும் நடுவில் ஓய்வு கிடையாது. 2000-ம் வருஷம் ஸிட்னியில் இதை ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். அங்கே ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் ஸைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். அது போதாது என்கிறவர்களுக்கு அயர்ன்மேன் என்று ஒன்று இருக்கிறது. நீந்துகிறவனுக்கு உடம்பு உறுதியா, ஓடுகிறவனுக்கா, ஸைக்கிள்காரனுக்கா என்ற வாக்குவாதத்தில் பிறந்தது அது. அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ஜான் காலின்ஸ் என்பவரும் அவர் மனைவி ஜூடியும் 1978-ல் ஹவாயில் நடத்திய முதல் பந்தயத்தில் கிளம்பினவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதித்து, 42 கிலோமீட்டர் ஓடினார்கள். பரிசுப் பணம் கிடையாது. அதில் பாதித் தூரப் பந்தயம் 2019 அக்டோபரில் கோவாவில் முதன்முறையாக நடந்தது. அதிலிருந்து நம் நாட்டுக் குமாஸ்தாக்களுக்கும் டாக்டர்களுக்கும்கூட இந்தப் பித்து பிடித்திருக்கிறது.

ஆசிரியர் கடிதத்தோடு ஒரு நோட்டுப் புத்தகமும் அனுப்பியிருந்தார். அவருடைய இரண்டு வருஷப் பயிற்சியும் ஒரு பந்தயமும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. அபிப்பிராயம் சொல்லச் சொன்னார். இந்த மாதிரி நோட்டுகள் எனக்கு நிறைய வரும். பாதிக்கு மேல் படிக்க முடிவதில்லை. இதை முழுக்கப் படித்தேன். நோட்டு பூராவும் நன்றாக இருக்கிறது என்பதற்காக அல்ல. அதில் பாதி, முயற்சி திருவினையாக்கும் என்று சுவரில் எழுதிவைக்கிற ஜாதி. ஆனால் மற்றப் பாதியில் நாலைந்து இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்காகவே இந்தக் கட்டுரை.

நீச்சலுக்கு அவருக்குக் குளம் இல்லை; மாமனாருடைய பாசனக் கிணறு இருக்கிறது. குறுக்கே 30 அடி. ஒன்றரைக் கிலோமீட்டர் ஆக வேண்டுமானால் நூற்று அறுபது தடவைக்கு மேல் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் போக வேண்டும். படியில் மைத்துனன் பையன் உட்கார்ந்துகொண்டு பத்துச் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைக்கிறான். நடுவில் பையனுக்குத் தூக்கம் வந்து, கொட்டை தண்ணீரில் விழுந்து, எண்ணிக்கை போய்விடுகிறது. மறுபடியும் முதலிலிருந்து! இதை எழுதுகிறபோது அவருக்கு உபதேசம் ஞாபகமே இல்லை. கிணற்று நீரின் பச்சையும் பாசிச் சுவரின் வழவழப்பும் கைக்கு வருகின்றன. படிக்கிற எனக்கும் வந்தன.

அப்புறம் கிழக்குக் கடற்கரையில் ஒரு பந்தயம். கடலில் இறங்கி நூறு கெஜம் போகிறதற்குள் மூச்சு நின்றுவிட்டது என்கிறார். காரணம் அவருக்கே பின்னால்தான் புரிகிறது. கிணற்றில் எட்டுப் பத்துக் கை போட்டால் ஒரு சுவர் வரும். விரல் நுனி அதைத் தொடும். தொடுகிற அந்தக் கணம் ஒரு சின்ன ஓய்வு. கடலில் சுவர் வரவில்லை. இரண்டு வருஷமாக உடம்பு தன்னை அறியாமல் எதிர்பார்க்கப் பழகிவிட்ட ஒன்று வராமல் போனதும் பயம் வந்துவிட்டது. இந்த ஒரு பக்கத்தைப் பெரிய எழுத்தாளர் எவரும் தன் பெயரில் போட்டுக்கொள்ளத் தயங்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பெரிய எழுத்தாளர் ஒருவர் ஏறக்குறைய இதே அநுபவத்தை எழுதியும் இருக்கிறார். ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமி ஓட்டத்தைப் பற்றி 2007-ல் வெளியிட்ட சிறு புத்தகம் ஒன்று உண்டு. ஜாஸ் சங்கீத விடுதி நடத்திக்கொண்டு, நாளைக்கு 60 சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த மனிதர், எழுத்தே தொழில் என்று உட்கார்ந்தபின் 1982-ல் ஓட ஆரம்பித்தார். 1996-ல் ஸரோமா ஏரிக் கரையில் ஒரே நாளில் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஓட்டத்தின்மேல் ஓர் அலுப்புத் தட்டி டிரையத்லான் பக்கம் திரும்பினார். நீகாட்டா மாகாணத்தில் அவர் பெயரையே உடைய முரகாமி என்ற ஊரில் நடக்கும் பந்தயத்தில் கலந்துகொண்டார். 2000-ம் வருஷம் அங்கே கடலில் மூச்சு தாறுமாறாகிப் பந்தயத்திலிருந்து விலக நேர்ந்தது. சில வருஷங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு பெண் பயிற்சியாளரிடம் குழந்தை மாதிரி நீச்சலை முதலிலிருந்து கற்றுக்கொண்டு, 2006-ல் திரும்பவும் அதே கடலில் இறங்கினார்.

அந்தப் புத்தகத்தை எனக்குப் பிடிக்கிறது. காரணம், ஆசிரியர் தன்னை வீரனாக்கிக்கொள்ளவில்லை. வயதாக ஆக நேரம் கூடிக்கொண்டே போவதை வட்டிக்காரன் கணக்கு மாதிரி குறித்துவைக்கிறார். கடைசிப் பந்தயத்தில் உடம்பெல்லாம் வாஸலைன் தடவின கையாலேயே நீச்சல் கண்ணாடியைத் தொட்டுவிட்டு, அது மங்கிப்போய் வழி தெரியாமல் நீந்துகிறார். மட்டமான ஆசிரியர் இந்த இடத்தில் விதியைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருப்பார். இவருக்கு வாஸலைன் வாஸலைன்தான்.

ஆனாலும் புத்தகத்தை மூடியபின் ஒரு குறை எனக்கு நின்றது. அதில் வேறு மனிதர்கள் இல்லை. பாதையில் சிலர் எதிர்ப்படுகிறார்கள், சிரிக்கிறார்கள், போகிறார்கள். இந்த மனிதர் எதற்காக இப்படித் தன்னை வருத்திக்கொள்கிறார் என்று அவரைத் தவிர யாரும் கேட்பதில்லை. அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, தானே அழகாகப் பதிலும் சொல்லிக்கொள்கிறார். தனிமை அவருடைய சுபாவம், அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதையே முன்மாதிரியாக வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியிலிருந்து ஒருவர் எழுத முடியாது. நம் பக்கத்துச் சாலைகளில் அவ்வளவு தனிமை கிடைப்பதில்லை.

அந்த நோட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஊரிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை மேலே வெள்ளிமலைக்கு ஸைக்கிள் மிதிக்கிறார். கரும்புக் காடுகள் முடிந்து, கோமுகி அணை ஒருபக்கம் தெரிந்து, சாலை திரும்பித் திரும்பி ஏற ஆரம்பிக்கிறது. ஒரு வளைவில் விறகுக் கட்டோடு ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். இவர் மூச்சு வாங்க இறங்குகிறார்.

"மேலே என்ன வேலை, தம்பி?"

"வேலை ஒண்ணும் இல்லை, பாட்டி."

"வேலை இல்லாமலா இந்த மேடு ஏறறே? யாரு ஏறச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை."

கிழவி கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு, தன் கட்டைத் தூக்கித் தலைமேல் வைக்கச் சொல்லுகிறாள். வைக்கிறார். கட்டு அவருடைய ஸைக்கிளைப்போல் இரண்டு மூன்று பங்கு கனம் இருந்தது என்று ஒரு வரி எழுதி, அதோடு அந்த ஞாயிற்றுக்கிழமையை முடித்துவிட்டு, அடுத்த பத்தியில் நாடித் துடிப்புக் கணக்குக்குப் போய்விடுகிறார். எனக்கானால் அங்கிருந்து நகர மனமில்லை.

அந்த மலையின் சரித்திரம் தெரிந்தவர்களுக்குக் கிழவியின் கேள்வி வேடிக்கையாக இராது. கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களாக இருந்தது. அங்கே குடியிருந்த மலையாளி மக்கள் ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் ஏர் ஓட்ட வேண்டும், சுமை தூக்க வேண்டும். அதற்கு வெட்டி என்று பெயர். கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்த 1976 வரையில் இந்த மலையில் அந்த வழக்கம் இருந்தது. கடுக்காயும் சாமையும் தலைச்சுமையாகக் கீழே இறங்கின. இப்போது சாலை இருக்கிறது, பஸ் இருக்கிறது. ஆனால் பிழைப்புக்காகக் காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுத் தோட்டங்களுக்கும் மாசக்கணக்கில் போகிறவர்கள் இன்னும் போகத்தான் செய்கிறார்கள். கிழவிக்கு எழுபது வயது என்றால் அவள் குமரியாயிருந்த நாளில், கூலியில்லாமல் மேடு ஏறுகிறவனை யாரோ ஏறச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் உலக நியதி. "யாரு ஏறச் சொன்னாங்க?" என்று அவள் வாயில் வந்தது வெறும் குசலப் பிரச்னம் அல்ல.

இதைச் சொன்னால் சிலர் உடனே ஒரு தீர்ப்புக்கு வந்துவிடுவார்கள். அப்படியானால் ஆசிரியருடைய ஸைக்கிள் சொகுசுக்காரர் விளையாட்டு, அதில் இலக்கியத்துக்கு என்ன வேலை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மாசச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, யாரும் கேட்காத ஒரு காரியத்தை ஒரு மனிதன் செய்கிறான் என்றால் அதில் சுதந்திரம் என்ற வஸ்து கொஞ்சம் இருக்கிறது. நாவலாசிரியனுக்கு அது லேசான விஷயம் அல்ல. ஆனால் அந்தச் சுதந்திரம் எந்தச் சாலையில், யார் பார்த்துக்கொண்டிருக்கையில் நடக்கிறது என்பதையும் எழுதினால்தான் அதற்கு எடை வரும்.

எழுத முடியுமா என்று கேட்டால், இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள் என்று காட்டுவேன். ஒருவர் ஆங்கிலேயரான ஆலன் ஸில்லிடோ. அவருடைய நெடுந்தூர ஓட்டக்காரன் கதை 1959-ல் வந்தது. சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட பையன் ஸ்மித் தினமும் விடியற்காலையில் தனியாக ஓடப் பழகுகிறான். பள்ளியின் கவர்னருக்கு ஒரு கோப்பை வேண்டும். அதற்காகவே இவனை ஓட விடுகிறார். பந்தய நாளில் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்து, முடிவுக் கம்பத்துக்கு முன்னால் நின்றுவிடுகிறான். ஜெயிக்கக் கூடியவன் ஜெயிக்க மறுக்கிறான். யார் ஓடச் சொன்னார்கள் என்ற கேள்விக்கு அவன் தன் காலாலேயே பதில் சொல்லிவிட்டான்.

மற்றவர் நம் சி. சு. செல்லப்பா. 'வாடிவாசல்' புத்தகமாக வந்ததும் அதே 1959-ல்தான். நூறு பக்கத்துக்கும் குறைவான கதை. ஒரே ஒரு மத்தியானம், ஒரு ஜல்லிக்கட்டு. தகப்பன் அம்புலியைக் குத்திப்போட்ட காரிக் காளையை அணைய வந்திருக்கிறான் பிச்சி. மைத்துனன் மருதன் கூட இருக்கிறான். அநுபவப்பட்ட கிழவர் ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு மாட்டின் குணத்தையும் சொல்லுகிறார். உயரத்தில் ஜமீன்தார் உட்கார்ந்திருக்கிறார். மாட்டின் திமிலில் கை விழுந்து, கால் தரையை விட்டு, திரும்பத் தரை தொடுகிற வரையில் செல்லப்பா நமக்கு ஒரு கணம்கூட மிச்சம் வைக்கவில்லை. தசையின் இழுப்பு, மணலின் சறுக்கல், மூச்சு எல்லாம் இருக்கின்றன. ஆனால் பிச்சி தனியாக இல்லை. செத்துப்போன அப்பன் அவன் தோளில் இருக்கிறான். ஜமீனின் கௌரவம் மாட்டின் கொம்பில் இருக்கிறது. அணைந்துவிட்டான் என்பதோடு கதை நின்றிருந்தால் அது நல்ல விளையாட்டுக் கதை. செல்லப்பா அங்கே நிற்கவில்லை. தோற்ற காளை வெறிகொண்டு ஓட, ஜமீன்தார் அதைச் சுட்டுவிடுகிறார். ஜயித்தவனுக்கும் தோற்ற மிருகத்துக்கும் நடுவில் நடந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த விஷயம், துப்பாக்கி வைத்திருக்கிறவருடைய விஷயமாக மாறிவிடுகிறது.

சீர்திருத்தப் பள்ளிக்கும் ஜல்லிக்கட்டுக்கும் டிரையத்லானுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆசிரியர் கேட்கலாம். அவருக்கு ஜமீன்தாரும் இல்லை, கவர்னரும் இல்லை. அதுதான் அவர் எழுத வேண்டிய கதையில் கஷ்டமான இடம். ஸ்மித்துக்கு மறுத்து நிற்க ஓர் எதிரி இருந்தான். பிச்சிக்குத் தீர்க்க ஒரு கடன் இருந்தது. இவருக்கு இரண்டும் கிடையாது. தானாக வரித்துக்கொண்ட சிரமம் மட்டும் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு, தானாக வரித்துக்கொள்ளாத சிரமத்தைத் தலையில் சுமந்தபடி ஒரு கிழவி இருக்கிறாள். இந்த இரண்டையும் ஒரே வளைவில் நிறுத்தி, கிழவியைப் பரிதாபப் பொம்மையாக்காமலும் ஆசிரியரைக் கூச வைக்காமலும் எழுத முடிந்தால், தமிழில் இதுவரை இல்லாத ஒன்று கிடைக்கும்.

1982-ல் ஹவாய்ப் பந்தயத்தில் ஜூலி மாஸ் என்ற மாணவி முதலாவதாக வந்துகொண்டிருந்தாள். முடிவுக்குச் சில கெஜ தூரத்தில் கால் மடங்கி விழுந்தாள். இன்னொரு பெண் தாண்டிப் போய் ஜயித்துவிட்டாள். மாஸ் தவழ்ந்தே கோட்டைத் தொட்டாள், 29 விநாடி தாமதமாக. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் உலகத்தில் ஏராளமான பேர் இந்தப் பந்தயத்துக்கு வந்தார்கள் என்பார்கள். ஜயித்தவளின் பெயர் காத்லீன் மக்கார்ட்னி. அது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

ஆசிரியரின் நோட்டில் கடைசிப் பன்னிரண்டு பக்கங்கள் பதக்கத்தைப் பற்றியவை. பள்ளிக்கூடத்தில் நடந்த பாராட்டு, மாலை, தலைமையாசிரியர் பேச்சு, எல்லாம் வரிசையாக. அவற்றை முழுக்க எடுத்துவிடலாம் என்று பதில் எழுதியிருக்கிறேன். விறகுக் கட்டைத் தூக்கி வைத்த பிறகு கிழவி ஏதாவது சொன்னாளா, அவர் மேலே வெள்ளிமலை வரை போனாரா, அல்லது அந்த வளைவிலிருந்தே திரும்பிவிட்டாரா என்று நோட்டில் இல்லை. அதையும் கேட்டிருக்கிறேன்.