அச்சில் இடம்பிடிக்கும் சிந்தாதிரிப்பேட்டை

சென்னையின் பறக்கும் ரயில் நிலையங்களை ஆர் நிரல்மொழியில் பட்டை வரைபடமாக்கினால், நெருக்கடியில் முதலில் காணாமல்போவது பெயர்தான். அடுத்ததன்மேல் மோதும் பெயரை பட்டை வரையும் 'பார்பிளாட்' கட்டளை சத்தமில்லாமல் விட்டுவிடும். பெயர்களின் திசையைத் தீர்மானிக்கும் 'லாஸ்' மதிப்பை 2 ஆக்கினால் சிந்தாதிரிப்பேட்டை செங்குத்தாக நிற்கும். கீழ் ஓரத்தைக் கூட்டாவிட்டால் வெட்டுப்படும். கழுத்தைச் சாய்த்துப் படிப்பானேன்? பட்டைகளைப் படுக்கவைப்பதே மேல். வரிசை அப்போது கீழிருந்து தொடங்கும், அதைத் தலைகீழாக்கிக் கொடுக்க வேண்டும்.

ஆரின் இன்னொரு வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்2 பெயர்களைத் தானாக அகரவரிசையில் அடுக்கும். பூங்கா நகர், சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி என்ற தடத்தின் வரிசையை ஃபேக்டர் (வகை மாறி) நிலைகளில் எழுதினால்தான் பயணிக்குப் புரியும். மதிப்பு அச்சு பூஜ்யத்தில் தொடங்கட்டும். இதில் சலுகை கூடாது.

தமிழில் பெயரிட்டால் வழக்கமான பிடிஎஃப் வெளியீடு காலைவாரும். தமிழ் எழுத்துருவுடன் 'ராக்' தொகுப்பில் படமாகச் சேமித்தால், 'பே'யின் இரட்டைக் கொம்பு பகரத்துக்கு முன்னால் ஒழுங்காக நிற்கும்.