பொம்மை வேறு, மாதிரி வேறு

தாமல் ஏரிக்கு அண்மையில் உள்ள ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியைக் காணச் சென்றிருந்தேன். வண்டிகளின் சிற்றுருவங்களுக்கென ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள். அதில் நீராவி எஞ்சின், ரயில் பாதையில் ஓடும் தள்ளு டிராலி, மீன்பாடி வண்டி என மூன்று இருந்தன. பரிசு நீராவி எஞ்சினுக்குக் கிடைத்தது. என் மதிப்பீடு வேறு. நடுவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. மாதிரி ஒன்றை எப்படி மதிப்பிடுவது என்பதே இங்குக் கேள்வி.

எஞ்சினைத் தெர்மோகோலில் செய்து, கறுப்பு வண்ணம் பூசி, புகைபோக்கியில் பஞ்சு வைத்திருந்தார்கள். கண்ணுக்கு அழகுதான். ஆனால், சக்கரங்களை இணைக்கும் தண்டுகளை வண்டியின் உடலோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள். உந்துதண்டின் முன்பின் அசைவு சக்கரத்தின் சுழற்சியாக மாறுவதல்லவா நீராவி எஞ்சினின் அடிப்படை? அது இல்லையென்றால் எஞ்சுவது பொம்மையே. எந்த அளவு விகிதத்தில் செய்தீர்கள் என்று கேட்டேன். அதற்கு விடை இல்லை.

அடுத்தது டிராலி. பாதையைப் பார்வையிடும் பொறியாளர் அமர்ந்திருக்க, ஊழியர்கள் தள்ளிச் செல்லும் எளிய வண்டி இது. இதைச் செய்த மாணவி, ரயில்வே ஊழியர் ஒருவரிடம் கேட்டு அளவுகளைக் குறித்து வந்திருந்தார். நம் அகலப் பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 1,676 மி.மீ. இதில் 20-இல் ஒரு பங்கு 83.8 மி.மீ. மாதிரியில் 84 மி.மீ. இருந்தது. பாராட்டத்தக்க கவனம்!

குறைகளும் உண்டு. ரயில் வரும்போது டிராலியைத் தூக்கி அப்புறப்படுத்த வேண்டும். அதற்கேற்பவே அதன் எடையும் அமைப்பும் உள்ளன. மாதிரியிலோ அதைத் தண்டவாளத்தோடு ஆணியடித்துவிட்டார். மேலும், சைகைக்கான மின்சுற்று உள்ள பாதைகளில், இருபுறச் சக்கரங்களும் இரும்பு அச்சால் இணைந்தால் ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்கு மின்சாரம் பாயும். பாதையில் ரயில் நிற்பதாகச் சைகை காட்டும். அதைத் தவிர்க்க டிராலியின் சக்கரங்களுக்கு மின்காப்பு இடுகிறார்கள். இந்த நுட்பத்தை மாதிரியில் காட்டியிருந்தால் அது ஒரு பாடமாகவே ஆகியிருக்கும்.

மூன்றாவதாக, மீன்பாடி வண்டி. முன்னால் இரு சக்கரங்களும் சரக்குத் தட்டும், பின்னால் ஓட்டுநர். பழைய மொபெட் அல்லது மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் பொருத்தி ஓட்டுவது சென்னைத் தெருக்களில் கண்ட காட்சி. பட்டறைக்குப் பட்டறை அமைப்பு மாறும். மாணவர் ஒருவர் உண்மையான வண்டியை நூல் பிடித்து அளந்து, தகரத்தில் 20-இல் ஒரு பங்காகச் செய்திருந்தார். அளவுகளைத் தாளில் வரைந்தும் வைத்திருந்தார்.

அவர் செய்த பிழை ஒன்றுதான். தட்டின் மேல் ஒரு செங்கல்லை வைத்து, “மாதிரி இதைத் தாங்குகிறது, ஆகவே உண்மை வண்டி எவ்வளவு பளுவையும் தாங்கும்” என்றார். இது சரியன்று. நீளம் 20-இல் ஒரு பங்கானால், அச்சின் குறுக்குப் பரப்பு 400-இல் ஒரு பங்காகும்; எடையோ 8,000-இல் ஒரு பங்காகக் குறையும். எனவே, தன் எடையை நோக்க, மாதிரியின் அச்சு உண்மை அச்சைவிடச் சுமார் 20 மடங்கு வலிமை உள்ளதாகத் தோன்றும். வடிவத்தை மாதிரி சொல்லும். வலிமையைக் கணக்கிட்டே அறிய வேண்டும்.

இத்தகைய விந்தை வண்டிகளை அளந்து வைப்பதால் பயன் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவின் கொலராடோவில், பொருளாதார மந்தக் காலத்தில் நீராவி ரயிலை ஓட்டக் கட்டுப்படியாகாத ஒரு குறுகிய பாதைக் கம்பெனி, 1931 முதல் பழைய பியூக், பியர்ஸ்-ஆரோ கார்களைத் தன் பட்டறையிலேயே ரயில் வண்டிகளாக மாற்றியது. ‘பாய்ந்தோடும் வாத்து’ என்று அவற்றுக்குப் பெயர். முதல் வண்டி பிரிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் பழைய புகைப்படங்களின் துணையோடு பின்னாளில் அதன் நகலைச் செய்தார்கள்.

நம் நாட்டிலும் 1907-இல் பாட்டியாலாவில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடத் தொடங்கியது. பெரும்பளுவைத் தண்டவாளம் தாங்க, பக்கத்துச் சக்கரம் ஒன்று சாலையில் உருண்டு சமநிலை காத்தது. 1927-இல் அது நின்றது. அதன் எஞ்சின் ஒன்று புது டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருப்பதால்தான் இன்று நாம் அதைப் பார்த்து அறிய முடிகிறது. மீன்பாடி வண்டிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. வரைபடமின்றிப் பிறந்த வண்டி, ஓட்டம் நின்றதும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். அந்த மாணவரின் தகர வண்டியும் அளவுத் தாளுமே அதற்கு மிஞ்சக்கூடிய சான்றுகள்.

என் பரிசு அவருக்கே. மாணவர்களே, அடுத்த கண்காட்சிக்கு மாதிரி செய்யும்போது அளவு விகிதத்தையும், யாரிடம் எங்கு அளந்தீர்கள் என்பதையும், எதைக் காட்ட இயலவில்லை என்பதையும் ஒரு சிறு அட்டையில் எழுதி அருகில் வையுங்கள். பஞ்சுப் புகையைவிட அந்த அட்டைக்கு மதிப்பு அதிகம்.