பிளக் பொயின்ற்றும் நீத்துப்பெட்டியும்

கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் குசினிக்குள் நுழைந்ததும் முதலில் பிளக் பொயின்ற் எண்ணுகிறார்கள். ஹம்டன் ஒழுங்கைப் பக்கம் தங்கச்சிக்காக ஒரு தொடர்மாடி வீடு பார்க்கப் போனபோது இரண்டுதான் இருந்தன. ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று, வாடகையும் பரவாயில்லை. "இரண்டு காணாது அக்கா" என்று அவள் படியிறங்கிவிட்டாள்.

என்னென்ன செருக வேண்டும் என்று கேட்டேன். ரைஸ் குக்கர், கிறைண்டர், மின்கேத்தல், மைக்கிறோவேவ், புதிதாக வந்த எயார் பிறையர். "இதெல்லாம் இல்லாமல் இப்ப சமைக்க ஏலுமா?" என்றாள். ஏலுமா, ஏலாதா என்பதைத்தான் இங்கே நிறுத்துப் பார்க்கிறேன். ஒரு பொருள் வீட்டில் இருக்கிறது, தினமும் பாவிக்கிறோம் என்பதால் மட்டும் அது அத்தியாவசியமாகிவிடாது. அது யாருடைய வேலையை எடுத்துக்கொண்டது, சாப்பாட்டின் ருசியில் எதைக் கொண்டுபோனது, 2022 பொருளாதார நெருக்கடியில் கறண்டும் காஸும் கைவிட்டபோது என்ன செய்தது என்று கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். ஆய்வுகூடம் கட்டிச் செய்ய முடியாத சோதனையை 2022 எங்கள் எல்லோருடைய குசினியிலும் நடத்திவிட்டுப் போனது.

கிறைண்டரை முதலில் எடுக்கிறேன், அதற்குத்தான் புகழ் அதிகம். அந்தப் புகழ் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தது. 1963இல் பம்பாயில் 'சுமீத்' வந்த கதை பலருக்குத் தெரியும்: வெளிநாட்டு மிக்சி இந்திய மசாலாவுக்குத் தாக்குப்பிடிக்காமல் பழுதாக, பொறியியலாளரான சத்ய பிரகாஷ் மாத்தூர் தன் மனைவிக்காக வலுவான மோட்டாருடன் ஒன்றைச் செய்தார். சென்னைச் சமையலில் அதற்கு நாள் முழுக்க வேலை உண்டு. சட்னி, மசாலா, பொடி, மாவு எல்லாம் அன்றன்றைக்கு அரைபடும். கலியாணத்துக்குச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போகும் எங்கள் ஆட்கள் பெட்டிக்குள் ஒரு மிக்சியும் வைத்துக்கொண்டு வருவதும், இங்கே இறங்கியதும் அதன் உருண்டைக்கால் பிளக்குக்கு அடப்டர் தேடி அலைவதும் வழக்கம்.

ஆனால் யாழ்ப்பாணச் சமையலின் அடித்தளம் வேறு. செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்து மில்லில் ஒரே தடவையில் திரித்துவைக்கும் கறித்தூள்தான் எங்கள் மசாலா. ஒரு தரம் திரித்தால் மாதக்கணக்கில் போகும். அரிசிமாவும் மில்லில் இடிபட்டோ பைக்கற்றிலோ வருகிறது. கிறைண்டருக்கு மிஞ்சுவது தேங்காய், சம்பல், இடைக்கிடை தோசை மா. அந்த மூன்றிலும் அது திறமாகச் செய்கிறதா?

தேங்காய்ப்பாலைப் பாருங்கள். திருவிய பூவைக் கையால் பிழிந்தால் முதல்பால் தடிப்பாக வரும், பிறகு தண்ணிப்பால். கறி தண்ணிப்பாலில் வேகும், சொதி இறக்கும் நேரத்தில் முதல்பால் சேரும். கிறைண்டருக்குள் தேங்காயை வெட்டிப் போட்டால் பிளேட் சுழலவே தண்ணீர் விடவேண்டும், ஆகவே முதல்பாலே தண்ணீர் கலந்துதான் பிறக்கிறது. சிரட்டையை ஒட்டிய கறுத்தத் தோலைச் சீவாமல் போட்டால் பாலின் நிறமும் மங்கும். சம்பல் இன்னும் மோசம். உரலில் இடிபடும் மிளகாயும் வெங்காயமும் நசிந்து சாறு விடும், பூ அந்தச் சாற்றை வாங்கிக்கொள்ளும். பிளேட் நசிப்பதில்லை, வெட்டுகிறது. இரண்டு செக்கன் கூட ஓடவிட்டால் சம்பல் சட்னியாகிவிடும்.

இதைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலின் தலைப்பே 'அம்மாவுக்கு மேலும் வேலை' என்று பொருள்படும். வீட்டு இயந்திரங்கள் பெரும்பாலும் மிச்சப்படுத்தியது ஆண்களினதும் பிள்ளைகளினதும் வேலையை, தாயின் நேரம் அவ்வளவாகக் குறையவில்லை என்பது அவருடைய வாதம். அமெரிக்காவைப் பற்றி எழுதியதுதான், ஆனால் எங்கள் வீட்டைப் பார்த்து எழுதியது போலிருக்கும். ஊரில் விறகு கொத்தியவர் அப்பா, தேங்காய் உரித்தவரும் அவரே. திருவலையில் குந்தியிருந்து திருவியது அண்ணாவும் நானும். கொழும்புக்கு வந்ததும் காஸ் அடுப்பு அப்பாவின் கோடரியை ஓய்வுக்கு அனுப்பியது, கிறைண்டர் எங்களைத் திருவலையிலிருந்து எழுப்பிவிட்டது. அம்மாவை எழுப்ப ஒன்றும் வரவில்லை. வெட்டிப் போடுவதும் அடிப்பதும் வடிப்பதும் ஜாரைக் கழுவுவதும் அவருடைய தலையிலேயே விழுந்தன.

அப்படியென்றால் கிறைண்டர் தேவையே இல்லையா? அவசரப்பட வேண்டாம். நாலாம் மாடியில் உரல் போட்டு இடித்துப் பாருங்கள், மூன்றாம் மாடிக்காரர் கதவைத் தட்டுவார். 1990களிலிருந்து காலி வீதியின் இரு பக்கமும் எழும்பிய தொடர்மாடிகளில் முற்றம் இல்லை, அம்மி போட இடமில்லை, இருந்தாலும் தட்டும் சத்தத்தைத் தளம் தாங்காது. கிறைண்டர் அங்கே வென்றது திறமையால் என்று சொல்லமாட்டேன், போட்டிக்கு வந்திருக்க வேண்டியவர்களுக்கு இடமில்லாததால். கொட்டாஞ்சேனையில் பெரியம்மாவின் பழைய வரிசை வீட்டுக்குப் பின்னால் ஒரு முழ அகலத்துக்கு முற்றம் இருக்கிறது, அதில் ஒரு அம்மியும் இருக்கிறது. அவரிடமும் கிறைண்டர் உண்டு, பழைய சேலைத் துண்டால் மூடி வைத்திருக்கிறார். ஆகவே கிறைண்டருக்கு என் மதிப்பீடு: இடநெருக்கடிக்குக் கொடுக்கும் வாடகை. முற்றம் உள்ளவருக்கு அது வசதி மட்டுமே.

ரைஸ் குக்கர் விஷயம் அப்படி இலகுவாக முடியாது. அதன் மேல் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. சிவப்புப் புழுங்கல் அரிசி போட்டால் மூடியால் பொங்கி வழிந்து மேசையெல்லாம் கஞ்சி. வடித்த சோற்றின் உதிரி அதில் வராது, வெறும் வயிற்றில் குடிக்கிற கஞ்சியும் இல்லை. சீனி வருத்தக்காரர் உள்ள வீடுகளில் வடிக்காத சோற்றின் மேல் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. இத்தனை குறையோடு இது எப்படி எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்தது?

1955 டிசம்பரில் ஜப்பானில் தோஷிபா நிறுவனம் முதல் தானியங்கிக் குக்கரை விற்பனைக்கு விட்டது. அதை உருவாக்கியவர் யோஷிதாதா மினாமி. பரிசோதித்துப் பரிசோதித்துச் சோறு காய்ச்சிப் பார்த்தவர் அவருடைய மனைவி ஃபுமிக்கோ. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு, மத்திய கிழக்குக்குப் போனவர்களின் பெட்டிகளிலும் புறக்கோட்டைக் கடைகளிலும் அது இங்கே பெருகியது. இன்று நாம் பாவிக்கும் குக்கரின் தந்திரம் சட்டிக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் உள்ளவரை சூடு 100 பாகையைத் தாண்டாது. தண்ணீரை அரிசி குடித்து முடித்ததும் அடிச்சூடு சட்டென்று ஏறும், அடியில் உள்ள காந்தம் அந்தச் சூட்டில் பிடியை விடும், 'டிக்' என்று சுவிச் மேலெழும். பருக்கை வெந்ததா என்று நசித்துப் பார்க்கிற விரலின் அறிவு ஒரு காந்தத் துண்டுக்குள் போய்விட்டது.

சோறு காய்ச்சுவதில் கைக்கு வேலை குறைவுதான், களைக்க வைப்பது காவல். பொங்குகிறதா, அடிப்பிடிக்கிறதா, வடிக்கும் பதம் வந்ததா என்று முக்கால் மணித்தியாலம் ஒருவர் அடுப்பைவிட்டு அசைய முடியாது. கிறைண்டர் கைவேலையைக் குறைத்து, காவலை அப்படியே விட்டது. ரைஸ் குக்கர் காவலை எடுத்துக்கொண்டது. காலை ஏழரைக்குள் பிள்ளையைப் பாடசாலை வானில் ஏற்றிவிட்டுக் காலி வீதியில் பஸ் பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு அந்த முக்கால் மணித்தியாலம் என்ன பெறுமதி என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். அதோடு, பதம் பார்க்கும் கலை தெரியாதவரும் அதில் சோறு காய்ச்சலாம். தங்கச்சியின் கணவர் பேணியால் அரிசி அளந்து, கோட்டுக்குத் தண்ணீர் விட்டு, சுவிச்சை அமத்துகிறார். அப்பா தன் வாழ்நாளில் சோற்றுப் பானையைத் தொட்டு நான் கண்டதில்லை. கோவனின் குற்றச்சாட்டு ரைஸ் குக்கரிடம் வந்து இடறி விழுகிறது.

அதன் செலவில் கவனிக்கப்படாத ஒரு ஓட்டை உண்டு. 700 வாட் குக்கர் அரைமணி ஓடினால் 0.35 யூனிற். சோறு வெந்த பிறகு 'வோர்ம்' நிலையில் விட்டால் 40 வாட் வரை இழுக்கும், பத்து மணித்தியாலத்தில் 0.4 யூனிற். சமைத்ததைவிடச் சூட்டில் வைத்திருந்ததற்குக் கூடுதல் காசு. மாதப் பாவனை 60 யூனிற்றைத் தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே வேறு கட்டணம் விழுகிற நாட்டில், 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கட்டணம் ஏறிய பிறகு, இது சின்ன விஷயமில்லை. வெந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள்.

இனி 2022. மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. அன்றைக்கு ரைஸ் குக்கர் ஒரு வெறும் பாத்திரம். அன்று வீட்டைக் காப்பாற்றியது பிறஷர் குக்கர். அதற்குள் அழுத்தத்தில் தண்ணீர் 120 பாகை வரை சூடாகிறது. சாதாரணப் பானையில் போட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுக்கும் ஊறவைத்த கடலை கால் மணித்தியாலத்தில் மசிந்துவிடும், சிலிண்டரில் மிச்சமிருக்கும் காஸ் இரண்டு நாள் கூட வரும். வொஷர் தேய்ந்தால் புறக்கோட்டையில் வாங்கி நாமே மாட்டலாம், மெக்கானிக் தேவையில்லை. விசில் எண்ணுவதும் மூடிக்குப் பயப்படுவதும் தவிர அதில் எனக்குக் குறை தெரியவில்லை. அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, எல்லாச் சோதனையிலும் அது தேறிவிட்டது.

ஆனால் அந்த வருடத்துக்கு இரண்டாம் பாதியும் இருந்தது. மே, யூன் மாதங்களில் கறண்ட் ஓரளவு திரும்பியது, காஸ் அற்றுப்போனது. வெறும் சிலிண்டர்கள் வீதியோரம் வரிசையில் நின்றன. கொட்டாஞ்சேனை முற்றத்தில் பெரியம்மா மூன்று கல் வைத்து விறகு மூட்டினார். நாலாம் மாடியில் விறகை எங்கே மூட்டுவது? மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அந்த வாரங்களில் தொடர்மாடிகளில் மிஞ்சிய ஒரே அடுப்பு ரைஸ் குக்கர்தான். சோறு மட்டுமா, பருப்பு அதில்தான் அவிந்தது, முட்டை அதில்தான், ஒருமுறை கத்தரிக்காய்க் குழம்பும் அதில்தான். மார்ச்சில் சுழியம் வாங்கியது யூனில் வீட்டைத் தாங்கியது. ஆகவே மாடிவீட்டுக்குத் தேவைப்படுவது ஒன்றையொன்று மாற்றிக்கொள்ளக்கூடிய இரண்டு நெருப்பு. காஸில் நிற்கும் பிறஷர் குக்கரும் கறண்டில் நிற்கும் ரைஸ் குக்கரும் அந்தச் சோடி.

மற்றவற்றை விரைவாக முடித்துவிடலாம். மின்கேத்தல் தேத்தண்ணிக்கு மூன்று நிமிடத்தில் கொதிக்கவைக்கிறது, அதற்கு மேல் எதுவும் உரிமை கோரவில்லை, இருக்கட்டும். மைக்கிறோவேவ் எங்கள் வீடுகளில் சமைப்பதில்லை, நேற்றையதைச் சூடாக்குகிறது. எயார் பிறையர் சூடான காற்று சுற்றும் ஒரு சிறிய போறணை. மீன் துண்டைப் பொரித்தது போல ஆக்கும். ஆனால் உழுந்து வடை மாவை அந்தத் தட்டில் வைத்தால் ஓட்டைகளால் ஒழுகும். வடை சுடத் தெரியாத பொரிக்கும் சாதனத்துக்குத் தமிழ்க் குசினியில் பிளக் ஒதுக்குவது வீண்.

நீத்துப்பெட்டியை யாரும் சாதனம் என்று சொல்வதில்லை. பனையோலைக் கூம்பு, கொதிக்கும் பானையின் வாயில் குத்தி வைத்தால் ஓலை வழியே ஆவி ஏறிப் பிட்டு அவியும், மிஞ்சிய ஈரத்தை ஓலை குடித்துவிடும். உலோகக் குழாயில் அவித்த பிட்டின் அடியில் தேங்கும் நசநசப்பு இதில் இல்லை. அதை வெல்ல ஒரு இயந்திரமும் இன்னும் வரவில்லை. இடியப்ப உரலை வென்றதும் இயந்திரமில்லை, காலி வீதிச் சாப்பாட்டுக் கடைகளில் பின்னேரத்தில் பார்சலாகக் கிடைக்கும் இடியப்பம்தான்.

தங்கச்சி கடைசியில் மூன்று பிளக் பொயின்ற் உள்ள வீடு ஒன்றை இராமகிருஷ்ண வீதிப் பக்கம் எடுத்தாள். போன கிழமை போய்ப் பார்த்தேன். ஒன்றில் ரைஸ் குக்கர், ஒன்றில் கேத்தல், மூன்றாவதில் அவளுடைய மகனின் போன் சார்ஜர். கிறைண்டர் தேவைப்படும்போது கேத்தலைக் கழற்றுகிறாள். எயார் பிறையர் அலமாரிக்கு மேலே பெட்டியோடு இருந்தது, அதன் மேல் கவிழ்த்துக் காயவைத்திருந்தாள் நீத்துப்பெட்டியை.